கிசோவில் கடல் தெரிந்தவர்கள் ஏன் இறந்தார்கள்?

சுனாமி வந்து போன ஊருக்கு நிவாரணக்காரர்கள் பின்னாலேயே இன்னொரு கூட்டமும் போய் இறங்கும். கையில் அளவு நாடா, லேசர் கருவி, நோட்டுப் புத்தகம். சுவரில் சேற்றுக் கோடு எவ்வளவு உயரம், மரத்தில் குப்பை எங்கே சிக்கியிருக்கிறது, பட்டை எதுவரை உரிந்திருக்கிறது, உப்புத் தண்ணீர் பட்டு இலை எதுவரை கருகியிருக்கிறது என்று அளந்து, கடலின் அன்றைய ஏற்ற இறக்கத்தையும் சரிக்கட்டி எழுதிக்கொள்வார்கள். நாலு மழை பெய்தாலோ ஊர்க்காரர்கள் கூட்டிப் பெருக்கினாலோ தடயம் போய்விடும். அதனால்தான் இத்தனை அவசரம்.

2007 ஏப்ரல் 2-ம் தேதி காலை 7.40 மணிக்கு, பசிபிக் கடலில் சாலமன் தீவுகளின் மேற்குப் பகுதியை 8.1 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. கிசோ தீவிலிருந்து மையம் சுமார் 45 கி.மீ. தூரம்தான். சில நிமிஷங்களில் அலை வந்துவிட்டது. எச்சரிக்கை மணி அடித்து ஆளை எழுப்ப நேரமே கிடையாது. ஹெர்மன் ஃபிரிட்ஸ் முதலான ஆய்வாளர்கள் அந்த மாதமே போய் அளந்தார்கள். சிம்போ தீவில் டபுராய் என்ற கிராமத்தில் தண்ணீர் சுமார் 12 மீட்டர் உயரம் வரை ஏறியிருந்தது. பக்கத்து ரனொங்கா தீவில் வேறு கூத்து. தீவே 2 மீட்டருக்கு மேல் தூக்கிக்கொண்டு, பவளப் பாறையெல்லாம் வெயிலில் கிடந்து செத்துப் போயிருந்தது.

இவ்வளவுக்கும் இறந்தவர்கள் 52 பேர். அவ்வளவு பக்கத்தில் மையம் இருந்ததற்கு இது குறைவு. காரணம் எளிது: நிலம் ஆடினால், கடல் பின்வாங்கினால், மேட்டுக்கு ஓடு என்பது அந்தத் தீவுக்காரர்களுக்குப் பாட்டன் பாட்டி சொல்லி வந்த விஷயம். கிராமத்துக்குப் பின்னாலேயே மலை. ஓடிவிட்டார்கள்.

ஆனால் ஊர் ஊராகக் கணக்குப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. கிசோவில் இறந்தவர்களில் ஒரு குறிப்பிட்ட கூட்டத்தின் பங்கு அவர்கள் ஜனத்தொகைக்குப் பொருந்தாத அளவு அதிகம். டிடியானா, நியூ மான்ரா போன்ற கிராமங்களில் இருக்கும் கில்பர்ட்காரர்கள். கடல் வற்றியதும் டிடியானாவில் குழந்தைகள் வேடிக்கை பார்க்க உள்ளே போயிருக்கிறார்கள்.

இதில் வினோதம், இவர்களைவிடக் கடல் தெரிந்தவர்களைப் பார்ப்பது கஷ்டம். பூர்வீகம் கில்பர்ட் தீவுகள், இன்றைய கிரிபாட்டி நாடு. கடல் மட்டத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலே நிற்கும் பவளத் திட்டுகள். மீன்தான் சோறு. ஆனால் கிட்டத்தில் பெரிய நிலநடுக்கப் பிளவு இல்லை. ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழும் திட்டுகளில் சுனாமி அவ்வளவாக உயர்வதும் இல்லை. ஓடி ஏற மலையும் இல்லை! பிறகு எங்கிருந்து வரும் அந்தப் பாட்டி கதை?

இவர்கள் எப்படி கிசோவுக்கு வந்தார்கள்? ஜனம் பெருகிவிட்டது, நிலம் போதாது என்று பிரிட்டிஷ் நிர்வாகம் 1938-ல் இவர்களில் ஒரு பகுதியினரை ஃபீனிக்ஸ் தீவுகளுக்குக் கொண்டுபோனது. அங்கே மழை பொய்த்தது, கிணறு உப்புக் கரித்தது. 1950-களின் நடுவில் மறுபடி மூட்டை கட்டி சாலமனுக்கு அனுப்பினார்கள். நியூ மான்ரா என்ற பெயரே விட்டுவந்த மான்ரா தீவின் ஞாபகம்தான். மீனவர்கள்தானே என்று கடலோரத்திலேயே மனை கொடுத்தார்கள். கப்பலில் ஆளை ஏற்றினார்கள், சாமானை ஏற்றினார்கள். இந்தக் கரையின் குணத்தை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 50 வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் உள்ளூர்க்காரர்கள் கதை போதுமான அளவு இவர்கள் வீட்டுக்குள் வரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. (தில்லிக்குக் குடிபோன நம்மவர்களுக்கு, நிலம் ஆடினால் படியிறங்கி வெளியே வா என்று சொல்லித் தருவது பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பாட்டிதான். அந்தப் பேச்சு இல்லாத அடுக்குமாடிகளை நினைத்துக்கொள்கிறேன்.)

2004 டிசம்பர் 26-ல் நாகப்பட்டினத்தில் செத்தவர்களும் கடலோடு பிறந்தவர்கள்தான். நம் கரையில் யார் நினைவிலும் அப்படி ஓர் அலை இல்லை. அதே நாள் சுமத்ராவை ஒட்டிய சிமெலு தீவில், சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர். 1907-ல் வந்த அலையை அவர்கள் 'ஸ்மோங்' என்று பெயர் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருந்தார்கள்.

சாலமனில் அடுத்த பரீட்சை சீக்கிரமே வந்தது. 2010 ஜனவரி 4-ல் ரெண்டோவா தீவுப் பக்கம் 7.1 அளவு நடுக்கம். அலை சில இடங்களில் 7 மீட்டர் வரை ஏறியது, வீடுகள் போயின. ஒருவர்கூட சாகவில்லை. சுமார் 50 நிமிஷம் முன்னால் வந்த ஒரு சின்ன நடுக்கமும், மூன்றே வருஷத்துக்கு முந்தைய ஞாபகமும் அவர்களை மேட்டில் ஏற்றியிருந்தன.

கிசோவின் கில்பர்ட்காரர்களும் 2007-க்குப் பிறகு பலர் மலைச்சரிவுக்கு ஏறிவிட்டார்கள். ஆனால் அவர்களுக்குக் கொடுத்திருந்தது கரையோர மனைதான். மேட்டு நிலம் எழுதிக் கொடுத்ததல்ல. வீடு மேலே, படகு கீழே என்று ஆனது. அந்தச் சரிவு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு, தண்ணீர் வடிந்து வருஷக்கணக்கான பின்னும் இழுத்துக்கொண்டிருந்தது.