காலாவதி தேதியோடு பிறந்த அட்டை

பாகிஸ்தானில் இருக்கும் ஆப்கன் அகதிகளின் கையில் ஓர் அட்டை உண்டு. பதிவுச் சான்று என்பது அதன் பெயர், புழக்கத்தில் பி.ஓ.ஆர். கார்டு. இன்னார் பாகிஸ்தானில் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஆப்கன் குடிமகன் என்று அது சொல்லும். அதற்கு மேல் எதையும் உறுதி சொல்லாது. அது பிறந்தது 2006இல். ஆனால் அதற்கான தேவை அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே பிறந்துவிட்டது.

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. எண்பதுகள் முடிவதற்குள் பாகிஸ்தானுக்கு வந்து சேர்ந்தவர்கள் முப்பது லட்சத்துக்கும் மேல். 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் பாகிஸ்தான் கையெழுத்திடவில்லை (இந்தியாவும்தான்). அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அதனால் ரேஷன் பாஸ் புத்தகம்தான் அகதிக்கு அடையாளம். அந்தப் புத்தகம் வேண்டுமென்றால், பெஷாவரில் இயங்கிய ஏழு முஜாஹிதீன் கட்சிகளில் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும். கோதுமை வாங்கவே கட்சிச் சீட்டு! புத்தகத்துக்கு விலை வந்தது, கைமாறியது, ஒரே குடும்பம் இரண்டு மூன்று வைத்திருந்தது. முகாமில் உண்மையில் எத்தனை தலைகள் என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்வதில் அன்று யாருக்கும் பெரிய அக்கறை இருந்ததாகவும் தோன்றவில்லை.

சோவியத் படைகள் போன பிறகு, 1990இல், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் 3,300 ரூபாயும் 300 கிலோ கோதுமையும் தருவதாக ஒரு திட்டம் வந்தது. புத்தகங்கள் வந்து சேர்ந்தன. கொடுத்தவர் எல்லை தாண்டினாரா, தாண்டியவர் திரும்பி வந்தாரா என்பது வேறு கதை. 1995இல் பொது ரேஷனும் நின்றது. இருந்த அரைகுறைப் பட்டியலும் அத்தோடு செத்துப்போனது.

தாலிபான் வீழ்ந்த கையோடு, 2002இல் ஊர் திரும்பும் அலை எழுந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் பாகிஸ்தானிலிருந்து போனவர்கள் பதினைந்து லட்சத்துக்கும் மேல். போகிறவர்களுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் வழிச்செலவுப் பணம் கொடுத்தது. வாங்கிக்கொண்டு போய், மறுபடி வந்து, மறுபடி வாங்கியவர்களும் உண்டு. அதைத் தடுக்க, பெஷாவருக்கு அருகே தக்தா பேக் மையத்தில் கருவிழியைப் படிக்கும் கருவியை வைத்தார்கள். பெயர், ஊர் எதுவும் அதற்கு வேண்டாம். ‘இந்தக் கண் ஏற்கெனவே வந்திருக்கிறதா?’ அது ஒன்றுதான் கேள்வி. ‘ஆம்’ என்றால் பணம் கிடையாது.

கருவிழிக் கணிப்புக்கு வழி வகுத்தவர் கேம்பிரிட்ஜின் ஜான் டாக்மன். 1984இல் பெஷாவரின் நாசிர் பாக் முகாமில் ஸ்டீவ் மெக்கரி படமெடுத்த பச்சைக்கண் சிறுமி ஷர்பத் குலாதான் என்று 2002இல் கருவிழியை ஒப்பிட்டு உறுதி செய்தவரும் அவரே. ஆதாருக்காக நம் கண்களைப் படித்த முறையும் அவர் வழி வந்ததுதான். அட்டையும் கண்ணும் ஷர்பத் குலாவை விடவில்லை: பாகிஸ்தான் குடிமக்களுக்கான அடையாள அட்டையை முறைகேடாக வாங்கினார் என்று 2016இல் பெஷாவரில் கைதாகி, நாடு கடத்தப்பட்டார். அகதி அட்டையின் ஆயுளைப் பார்த்தவர்களுக்கு, ஒருவர் ஏன் குடிமக்கள் அட்டைக்கு ஆசைப்படுவார் என்று விளக்க வேண்டியதில்லை.

கண் கருவி போகிறவர்களை எண்ணியது. மிச்சம் எத்தனை பேர்? 2005 பிப்ரவரி, மார்ச்சில் கணக்கெடுத்தார்கள்: 30,47,225. லட்சக்கணக்கில் அனுப்பிய பிறகும் பழைய எண்ணிக்கையே வந்து நின்றது. அடுத்து, 2006 அக்டோபரிலிருந்து 2007 பிப்ரவரி வரை, பாகிஸ்தானியருக்கு அடையாள அட்டை தரும் நாட்ரா நிறுவனம் ஆணையத்தோடு சேர்ந்து பதிவு நடத்தியது. குடும்பத்தோடு வர வேண்டும். புகைப்படம், கைரேகை, பூர்வீக மாகாணம், ஊர் திரும்பும் எண்ணம் உண்டா என்ற கேள்வி. உடனே இல்லை என்றவர்களே பெரும்பாலோர். 2005 கணக்கெடுப்பில் இடம்பெற்றவர்களுக்கு மட்டுமே பதிவு; அன்று விடுபட்டவர் விடுபட்டவர்தான். பதிவானவர்கள் 21.5 லட்சம் பேர்.

அட்டை கைக்கு வந்தபோதே அதில் முடியும் தேதியும் இருந்தது: 2009 டிசம்பர். அது 2012க்குப் போனது, பிறகு 2013, 2015. ஒவ்வொரு முறையும் கெடு நெருங்கும்போது இஸ்லாமாபாத்தில் அமைச்சரவை கூடும். முகாம்களில் வியாபாரி சரக்கெடுக்கத் தயங்குவார், வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தைத் தள்ளிப்போடுவார். 2018 ஜனவரியில் கொடுத்த நீட்டிப்பு வெறும் முப்பது நாள். மறு ஆண்டே, இதே அட்டையைக் காட்டி வங்கிக் கணக்கு தொடங்கலாம் என்றும் அனுமதித்தார்கள். முப்பது நாள் அட்டைக்கும் சேமிப்புக் கணக்குக்கும் எப்படிப் பொருந்தும் என்று கேட்டால் பதில் கிடைக்காது. 2021இல் புதுப்பித்து, சிப் வைத்த ஸ்மார்ட் கார்டாக்கினார்கள். தேதி மட்டும் பழையபடி குட்டையாகவே இருந்தது.

கடைசித் தேதி 2025 ஜூன் 30. அதன்பின் நீட்டிப்பு வரவில்லை. செப்டம்பர் 1 முதல் அட்டைக்காரர்களையும் அனுப்பத் தொடங்கினார்கள். 2007இல் பெற்றோருடன் வரிசையில் நின்ற ஐந்து வயதுக் குழந்தைக்கு 2025இல் இருபத்து மூன்று. பிறந்ததும் படித்ததும் பாகிஸ்தானிலேயே என்றாலும், அட்டையில் ஊர் என்ற இடத்தில் இருப்பது அவர் பார்த்தே இராத ஏதோவொரு ஆப்கன் மாகாணம். அங்கேதான் அனுப்புகிறார்கள்.