வினிகர் ஏடு காயக்கட்டான வரலாறு



ஆங் மோ கியோ உணவங்காடி நிலையத்தில் ஐஸ் கச்சாங் வாங்கினால், சில கடைகளில் வெள்ளைச் சதுரத் துண்டுகளையும் சேர்த்துப் போட்டுத் தருவார்கள். பார்க்க ஜெல்லி மாதிரி இருக்கும். கடித்தால் பல்லுக்குச் சற்று இழுவையாக இருக்கும். அதன் பெயர் நாட்டா டி கோக்கோ. தேங்காய்த் தண்ணீரில் பாக்டீரியா உருவாக்கிய செல்லுலோஸ் அது. பருத்தித் துணியிலும் நாம் எழுதும் தாளிலும் இருப்பதும் அதே செல்லுலோஸ்தான்.

இதை வகுப்பில் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "செல்லுலோஸைச் செடிதானே செய்யும்னு படிச்சோம், டீச்சர்?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால் 19ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும்.

கண்டுபிடிப்பு: 1838 முதல் 1886 வரை

பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயன் 1838இல் தாவரங்களிலிருந்து செல்லுலோஸைப் பிரித்துக் காட்டினார். அதனால் அது தாவரங்களுக்கே உரிய பொருள் என்ற எண்ணம் வலுப்பட்டது.

அக்காலத்தில் இங்கிலாந்தில் பலர் வீட்டிலேயே வினிகர் தயாரித்தார்கள். புளிக்கும் நீர்மத்தின் மேல் பாலாடை போலத் தடித்த ஏடு ஒன்று படியும். அதை 'வினிகர் செடி' என்றே அழைத்தார்கள். மது வடிசாலைத் துறையைச் சேர்ந்த வேதியியலாளர் ஏட்ரியன் ஜான் பிரவுன் அந்த ஏட்டை ஆராய்ந்தார். அது செடி இல்லை, பாக்டீரியா உருவாக்கிய செல்லுலோஸ் என்று 1886இல் அறிவித்தார். அந்த நுண்ணுயிருக்கு அவர் வைத்த பெயர் பாக்டீரியம் சைலினம். இன்று அதன் பெயர் கோமகாட்டேபாக்டர் சைலினஸ்.

பாக்டீரியா எப்படிச் செய்கிறது?

பாக்டீரியா சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்கிறது. அதன் சவ்வில் உள்ள நொதி ஒன்று குளுக்கோஸ் மூலக்கூறுகளைப் பூத்தொடுப்பதுபோல ஒவ்வொன்றாகக் கோத்துச் சங்கிலியாக்கி வெளியே தள்ளுகிறது. செல்லின் பக்கவாட்டில் வரிசையாக உள்ள நுண்துளைகளிலிருந்து வரும் சங்கிலிகள் ஒன்றுசேர்ந்து நாடா போல ஆகின்றன. அந்த நாடா செல்லிலிருந்து வெளிவருவதை 1976இல் அமெரிக்காவில் மால்கம் பிரவுன் குழுவினர் நுண்ணோக்கியில் கண்டனர். (முன்னவரும் பிரவுன், இவரும் பிரவுன். தேர்வில் குழப்பிக்கொள்ளாதீர்கள்!)

இந்தப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் தேவை. அதனால்தான் ஏடு நீரின் மேற்பரப்பில் உருவாகிறது. அதன் இழைகள் தாவர இழைகளைவிட மிக மெல்லியவை. மரத்தில் செல்லுலோஸோடு கலந்திருக்கும் லிக்னின் இதில் இல்லை. ஈரமான ஏட்டின் எடையில் ஏறத்தாழ 99 விழுக்காடு தண்ணீர்தான்.

நூறாண்டு ஏன் காத்திருந்தது?

1949இல் பிலிப்பீன்ஸில் தியோதுலா கலாவ் ஆப்பிரிக்கா என்ற வேதியியலாளர் தேங்காய்த் தண்ணீரில் இந்த ஏட்டை வளர்த்து நாட்டா டி கோக்கோவை உருவாக்கினார். ஏடு உணவாகிவிட்டது, மருந்தாகவில்லை. ஏன்?

காயத்தைப் பற்றிய எண்ணமே தடையாக இருந்தது. "காத்துப் பட்டாத்தான் சீக்கிரம் ஆறும்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். 'புண் காஞ்சிடுச்சு' என்றால் குணமாகிவிட்டது என்றே பொருள். மேலை மருத்துவமும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தது; உலர்ந்த துணிக்கட்டையே நம்பியது. காயம் உலர வேண்டும் என்றிருந்தபோது, தண்ணீர் நிறைந்த ஏட்டை யார் தேடுவார்கள்?

1962இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் காயங்களைப் பாலித்தீன் தாளால் மூடி ஆராய்ந்தார். ஈரமாக இருந்த காயத்தில் புதிய தோல், திறந்துவிட்ட காயத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. கேள்வி மாறியது: காயத்தை ஈரமாக வைத்திருக்க எது உதவும்?

1980களில் பிரேசிலில் 'பயோஃபில்' என்ற பெயரில் பாக்டீரியா செல்லுலோஸ் தீக்காயங்களுக்குத் தற்காலிகத் தோலாகப் பயன்படத் தொடங்கியது. ஏடு காயத்தோடு படிந்திருந்து மூடியது. நோயாளிகளின் வலியும் குறைந்தது. 2001இல் ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் டீட்டர் கிளெம் குழு இதே பொருளில் மெல்லிய குழாய்களை வளர்த்து, எலிகளின் இரத்தக்குழாய்க்கு மாற்றாகச் சோதித்தது.

குறைகளும் உண்டு. இதற்குத் தானாகக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் இல்லை. அதனால் வெள்ளி போன்றவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். நம் உடலில் செல்லுலோஸைச் சிதைக்கும் நொதியும் இல்லை. ஆகவே உள்ளே பொருத்தினால் எளிதில் கரையாது. இன்னொன்றையும் மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்: மருத்துவ ஏட்டைக் காரத்தில் கழுவி, கிருமிநீக்கம் செய்த பிறகே பயன்படுத்துகிறார்கள். கடையில் வாங்கிய நாட்டாவையோ கொம்புச்சா ஏட்டையோ புண்ணில் வைக்கவே கூடாது.

நமக்கு என்ன?

சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. இங்குள்ள இந்தியர்களிடையே அந்நோய் அதிகம். ஆறாத கால் புண் என்பது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அத்தகைய புண் ஆறாமல் இருக்க ஒரு காரணம், பாக்டீரியாக்கள் கூட்டாகக் கட்டும் உயிரிப்படலம். அதைக் கட்டச் சொல்லும் முக்கியமான சமிக்ஞை மூலக்கூறு 1987இல் ஜெருசலத்தில் மோஷே பென்சிமான் குழுவினரால் கண்டறியப்பட்டது. எதை ஆராய்ந்தபோது தெரியுமா? இதே செல்லுலோஸ் பாக்டீரியாவை! இன்று நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உள்ள ஆய்வு மையமொன்றில் உயிரிப்படலங்களை ஆராய்கிறார்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒன்று. 1886, 1962 என்று ஆண்டுகளை மட்டும் எழுதினால் அது பட்டியல். முதல் ஆண்டில் தெரிந்த பொருள் ஏன் இரண்டாம் ஆண்டுவரை காத்திருந்தது என்று எழுதினால்தான் வரலாறு.

வகுப்பில் கலந்துரையாட:
1. காயத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? கேட்டு எழுதுக.
2. ஒரு கண்டுபிடிப்பு பயன்பாட்டுக்கு வரக் காலம் பிடிப்பதற்கான இரண்டு காரணங்களைச் சான்றுடன் விளக்குக.