பேபியன்

அவசரப்படாமல் காலத்தைத் துணைக்கொண்டு காரியத்தை முடிக்கும் முறைக்குப் ‘பேபியன்’ என்று பெயர். கி.மு. 217-இல் திரசிமீன் ஏரிக்கரையில் ரோமானிய சேனையைக் கார்த்தேஜ் தளபதி ஹானிபால் நாசமாக்கியபின் சர்வாதிகாரியாக நியமனம் பெற்ற குவின்டஸ் பேபியஸ் மாக்சிமஸ், நேருக்குநேர் யுத்தத்தைத் தவிர்த்து, குன்றுகளின்மீதே பாசறையிட்டு, தானியம் தேடிப் பிரிந்துசெல்லும் பகைவீரரை மட்டும் தாக்கிவந்தமையால், ‘குங்க்டாட்டர்’, அதாவது தாமதக்காரர், என்று சொந்த ஜனங்களாலேயே பரிகசிக்கப்பட்டார். மறு வருஷமே கன்னேப் போரில் தோற்று அவசரத்தின் விலையை ரோமாபுரி உணர்ந்ததும், வசைச்சொல்லே விருதாயிற்று. பேபியஸ் என்னும் குலப்பெயர் அவரையினத்தைச் சேர்ந்த ஒரு பயற்றின் லத்தீன் பெயரிலிருந்து பிறந்ததென்பது ரோமானிய ஆசிரியர் பிளினி கூறும் காரணம். வீரர் குலத்துக்கு விசித்திரமான பெயர்தான். புரட்சியின்றிப் படிப்படியாகச் சோஷலிசத்தை எய்த விரும்பி 1884-இல் லண்டனில் தோன்றிய பேபியன் சங்கம் இந்தத் தாமதக்காரப் பேபியஸின் நாமத்தையே தரித்தது. பின்னர் அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையாரும் ஒருகாலத்தில் அதன் அங்கத்தினர்.