தேடல் பலகையின் பயணம்

சிறு கப்பல் உருவங்களை மேசையில் நிறுத்திக் கடற்போர் ஆடுகிறவர்கள் பலரும் இரு பக்கத்துக்கும் சம பலம் கொடுத்துத்தான் தொடங்குகிறார்கள். நிஜக் கடலில் அப்படிச் சண்டை வாய்ப்பது அபூர்வம். ஒருவன் தேடி வருவான், மற்றவன் நழுவப் பார்ப்பான், ஒருவனிடம் நிலக்கரி தீர்ந்துகொண்டிருக்கும். இந்த நிலைமையை மேசைக்குக் கொண்டுவந்தது தேடல் பலகை. கடலைக் கட்டங்களாகப் பிரித்த வரைபடம் அது. எதிராளி எங்கே இருக்கிறான் என்று தெரியாமலே இரு தரப்பும் நகர்த்தும். ஒரே கட்டத்தில் சந்தித்துவிட்டால், அங்கே இருக்கும் கப்பல்கள் மட்டும் மேசைக்கு வரும், சண்டை தொடங்கும்.

இதன் வேர் கடற்படைக் கல்லூரியில் இருக்கிறது. 1887-ல் அமெரிக்காவின் நியூபோர்ட் கடற்போர்க் கல்லூரியில் வில்லியம் மெக்கார்ட்டி லிட்டில் போர் விளையாட்டுகளைப் பாடமாக்கத் தொடங்கினார். அங்கே ஒற்றைக் கப்பல் மோதலுக்கு ஓர் ஆட்டம், கப்பல் அணிகளின் சண்டைக்கு ஓர் ஆட்டம், பெருங்கடல் நகர்வுக்கு வரைபடத்தின் மேல் ஓர் ஆட்டம் என மூன்று உருவாயின. இங்கிலாந்தில் ஃபிரெட் ஜேன் 1898-ல் தன் கடற்போர் ஆட்டத்தை வெளியிட்டார். சுடும் குண்டு கப்பலின் எந்தப் பகுதியில் விழுந்தது என்றுகூட அதில் கணக்கிடலாம்.

வீடுகளுக்குள் இது நன்றாக நுழைந்தது 1960-களில். அவலான் ஹில் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் டன்னிகன் வடிவமைத்து 1967-ல் வெளியான 'ஜட்லண்ட்' ஆட்டத்தில், கட்டத்தாளில் எதிரியைத் தேட வேண்டும். கண்டுபிடித்ததும் கப்பல் அட்டைகளைத் தரையில் பரப்பிச் சண்டையிட வேண்டும். அட்டைக்குப் பதில் உருவக் கப்பல்களை இறக்கினால் போதும், தேடலே சண்டைக்குக் களம் அமைத்துத் தந்துவிடும்.

இந்தப் பலகைக்கு நம் கடலைவிடப் பொருத்தமான கடல் அதிகமில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அங்கிருந்து தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றி, கொழும்புக்கு மேற்கே வணிகக் கப்பல்களை மடக்கியது. செப்டம்பர் 27-ல் அது பிடித்த பியூரெஸ்க் கப்பலில் உயர்தர வேல்ஸ் நிலக்கரி இருந்தது. அது கிடைத்திராவிட்டால் எம்டனின் கேப்டன் முல்லர் எங்கே போயிருப்பார்? தேடி அலைந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹாம்ப்ஷயர் அவரை வழியில் பிடித்திருந்தால்? நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியின் ஆறங்குலப் பீரங்கிகளுக்கு முன்னால் எம்டனின் சிறு பீரங்கிகள் தோற்றன. அந்த ஒரு சண்டையை மட்டும் மேசையில் ஆடினால் முடிவு முன்பே தெரிந்துவிடும். பலகையில் தொடங்கினால் வேறு பத்துச் சண்டைகள் பிறக்கும்.

இன்னும் பக்கத்தில் வருவோம். 1538-ல் மண்டபத்தை அடுத்த வேதாளையில், கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் மரக்காயர் கடற்படையை மார்ட்டின் அஃபோன்சோ டி சூசாவின் போர்த்துகீசியர் முறியடித்தார்கள். இலங்கையில் மன்னன் மாயாதுன்னைக்கு உதவப் புறப்பட்ட படை அது. மன்னார் வளைகுடாவைக் கட்டங்களாக்கினால் முத்துச் சிப்பிப் பார்கள், தீவுகள், ஆழமில்லாத திட்டுகள், வாடைக் காற்றும் கச்சான் காற்றும் மாறும் மாதங்கள் எல்லாமே ஆட்டத்தின் விதிகளாகும். மரக்காயர் வேதாளையில் தங்காமல் நேரே கொழும்புக்கு ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிள்ளைகள் தாங்களே ஆடிப் பார்க்கலாம்.

மாப்பிள்ளையூரணியிலும் தூத்துக்குடியிலும் கடலை அறிந்த குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அணிக்கு ஒன்றாக இரண்டு பெரிய தாள்களில் குமரிமுனை முதல் பாம்பன் வரை வரைந்து, கட்டம் போட்டு, எதிரணி காணாதபடி நடுவே ஓர் அட்டையை நிறுத்துங்கள். கப்பலுக்குத் தீப்பெட்டி போதும். வேதாளைப் போரை இந்த ஆண்டே வகுப்பில் ஆட வையுங்கள்.