விவசாயிக்காகப் போட்ட வரி



இறக்குமதி வரியைக் கூட்டுவேன் என்றால் மேடையில் கைதட்டல் நிச்சயம். 1928 தேர்தலில் அமெரிக்க விவசாயிகளுக்குக் குடியரசுக் கட்சியின் ஹெர்பர்ட் ஹூவர் அந்த வாக்குறுதியைத்தான் தந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியல் வல்லுநர்கள் வேண்டாம் என்று மனு அனுப்பினர். அவர் கேட்கவில்லை. 1930 ஜூன் 17இல் ஸ்மூட்-ஹாலி சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அண்டை நாடான கனடாவே பதிலுக்கு வரி போட்டது. பொருளாதார மந்தத்தில் ஏற்கெனவே தவித்த விவசாயிக்கு வெளிநாட்டுச் சந்தையும் சுருங்கியது. 1932இல் ஹூவர், ஸ்மூட், ஹாலி மூவரையும் வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பினர்.

1987இல் அதே கட்சியின் அதிபர் ரீகன் வானொலியில் இந்தச் சட்டத்தை நினைவூட்டி எச்சரித்தார். ஆனால் 2025 ஏப்ரலில் அதே கட்சியின் டிரம்ப் நட்பு நாடுகள் மீதும் வரி அறிவித்தார்.

பழமைவாதம் என்றால் பழைய பாடத்தை மறக்காதிருப்பது. நண்பர்களை இழக்கவைக்கும் வரி நாட்டுப்பற்று ஆகாது என்பதே என் வாதம்.