தி சிம்ஸ்: எரிந்த வீட்டிலிருந்து ஒரு பொம்மை வீடு

ஒரு கணினி விளையாட்டு. எதிரி கிடையாது, துப்பாக்கி கிடையாது, ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது. ஒரு ஆளை எழுப்பி, குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, வேலைக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் பாத்திரம் கழுவ வைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். "இதைத்தான் தினமும் வீட்டில் செய்கிறோமே, இதற்கு எதற்குக் கம்ப்யூட்டர்?" என்று கேட்கிறீர்களா? 1993-ல் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் பெரிய தலைகளும் இதையேதான் கேட்டார்கள். அந்த விளையாட்டுதான் 2002-ல், அதுவரை வந்த கணினி விளையாட்டுகளிலேயே அதிகம் விற்றது என்ற பெயரை வாங்கியது. பெயர் 'தி சிம்ஸ்'.

இது 2000 பிப்ரவரியில் வெளிவந்தபோது நான் பிறக்கவே இல்லை :) 25 வருடம் ஆனதைக் கொண்டாட 2025 ஜனவரியில் பழைய விளையாட்டையே இன்றைய கம்ப்யூட்டர்களில் ஓடும்படி மறுபடி வெளியிட்டார்கள். அப்படித்தான் என் கைக்கு வந்தது. மூன்று வாரமாக ஒரு குடும்பத்தை நடத்திக்கொண்டிருக்கிறேன். நடத்த நடத்த, இதை யார், ஏன் செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். விளையாட்டை விட அந்தக் கதை சுவாரசியமாக இருந்தது. அதனால் இந்தப் பதிவு.

கதாநாயகன் வில் ரைட். 1960-ல் பிறந்தவர். 1984-ல் இவர் செய்த முதல் விளையாட்டில் ஹெலிகாப்டரில் போய்த் தீவுகள் மேல் குண்டு போட வேண்டும். குண்டு போடுவதை விட அந்தத் தீவுகளை வரைந்து கட்டுவதுதான் ஜாலியாக இருக்கிறது என்று இவருக்குத் தோன்றியது. அதிலிருந்து வந்ததுதான் ஒரு ஊரையே கட்டி நிர்வகிக்கும் 'சிம்சிட்டி'. ஜெயிக்கவே முடியாத விளையாட்டை யார் வாங்குவார்கள் என்று வெளியீட்டாளர்கள் தயங்கினார்கள். 1987-ல் ஜெஃப் பிரான் என்பவரோடு சேர்ந்து 'மேக்சிஸ்' என்று சொந்தமாகவே நிறுவனம் தொடங்கி, 1989-ல் வெளியிட்டார். பெரிய வெற்றி. இந்தப் பகுதியை வேகமாகச் சொல்லிவிட்டேன், ஏனென்றால் எனக்கு முக்கியம் அடுத்து வருவது.

1991 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் முந்தைய நாள் அணைத்ததாக நினைத்த ஒரு சின்னத் தீ, காற்றில் மறுபடி பற்றிக்கொண்டது. 25 பேர் இறந்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் சாம்பலாயின. அதில் ஒன்று வில் ரைட்டின் வீடு. குடும்பம் தப்பித்தது, வீடும் அதில் இருந்ததும் போயின.

அதன் பிறகு வாழ்க்கையை ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. பல் துலக்கும் பிரஷ், உடை, படுக்கை, நாற்காலி என்று ஒவ்வொன்றாக வாங்க வேண்டும். எதை முதலில் வாங்குவது? எது இல்லாமல் இருக்க முடியும்? பொருள்கள் போனதில் தான் நினைத்த அளவு வருத்தம் வரவில்லை என்று பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நம்மில் யாரும் வீட்டுச் சாமான்களை இப்படிப் பட்டியல் போட்டுப் பார்த்திருக்க மாட்டோம். கல்யாணச் சீர் வரிசை எழுதும்போது வேண்டுமானால் பார்த்திருக்கலாம்!

இந்த அனுபவத்தோடு ஒரு புத்தகமும் சேர்ந்துகொண்டது. பக்கத்து ஊரான பெர்க்லியில் பேராசிரியராக இருந்த கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர், தன் குழுவினரோடு எழுதிய 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்'. வெளிவந்தது 1977-ல். ஜன்னலோர இருக்கையிலிருந்து ஊர்ச் சந்தை வரை, மனிதர்களுக்கு ஒரு இடம் ஏன் பிடிக்கிறது என்பதை 253 வடிவங்களாகப் பிரித்து விளக்கும் புத்தகம் அது. இதைப் படித்த வில் ரைட்டின் முதல் யோசனை, வீடு கட்டும் விளையாட்டு. நீங்கள் வீட்டைக் கட்டுங்கள், குட்டி மனிதர்கள் உள்ளே வாழ்ந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அதாவது மனிதர்கள் வெறும் தேர்வாளர்கள். போகப் போக வீட்டை விட அந்த ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ருசி என்று தெரிந்தது, விளையாட்டே தலைகீழானது.

(கம்ப்யூட்டருக்குள் ஒரு ஆள் குடியிருக்கும் யோசனை அவருக்கு முன்பே இருந்தது. 1985-ல் ஆக்டிவிஷன் வெளியிட்ட 'லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள்' அப்படிப்பட்டதுதான். அதில் ஒருவர் தன் பாட்டுக்கு வாழ்வார், நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். வீட்டுக் கணக்கு வழக்கு நம் தலையில் விழாது.)

இந்த விளையாட்டுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'பொம்மை வீடு'. 1993-ல் மக்களைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்டபோது மதிப்பெண் படுமோசம். செப்புச் சாமான் வைத்து விளையாடுவது பெண் பிள்ளைகள் சமாச்சாரம், கம்ப்யூட்டர் வாங்குவது பையன்கள் என்ற கணக்கு அன்று விற்பனைத் துறையில் கல்வெட்டு மாதிரி. நிர்வாகம் கைவிட்டது. வில் ரைட் விடவில்லை. ஓரமாகக் கொஞ்சம் ஆட்களை வைத்துக்கொண்டு வேலையை ஓட்டினார். 1997-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் சுமார் 12.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து மேக்சிஸை வாங்கிய பிறகுதான் இதற்குச் சரியான ஆள்பலம் கிடைத்தது.

இனி உள்ளே போவோம். ஒவ்வொரு சிம்முக்கும் (அந்தக் குட்டி மனிதர்களின் பெயர்) எட்டுப் பட்டைகள்: பசி, சௌகரியம், சுத்தம், கழிப்பறைத் தேவை, தெம்பு, பொழுதுபோக்கு, பேச்சுத்துணை, இருக்கும் அறையின் லட்சணம். நிமிடத்துக்கு நிமிடம் எல்லாம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஏற்றிவிட வேண்டும். ஆளுக்கு மூளை வைக்காமல் பொருள்களுக்கு வைத்ததுதான் இதில் உள்ள தந்திரம். 1991-ல் எறும்புகளைப் பற்றி 'சிம்ஆன்ட்' என்ற விளையாட்டைச் செய்தபோது கற்ற பாடம் அது. எறும்புக்குப் பெரிய அறிவு கிடையாது, தரையில் உள்ள வாசனைதான் வழி சொல்கிறது. அதேபோல இங்கே குளிர்சாதனப் பெட்டி "பசியா? இங்கே வா" என்கிறது, டிவி "போரடிக்குதா? இங்கே வா" என்கிறது. சந்தைக் கடைக்காரர்கள் மாதிரி வீட்டில் உள்ள சாமானெல்லாம் கூவிக்கொண்டே இருக்க, சிம் எந்தக் கூவல் பெரிதோ அங்கே போகிறது. முதல் தடவை இது புரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. என் மேசையில் இருக்கும் செல்போன் வேறு என்ன செய்கிறது?

வணிகவியல் மாணவனாக எனக்குப் பிடித்த இடம் கணக்கு. ஆரம்ப மூலதனம் 20,000 சிமோலியன் (அந்த ஊர்ப் பணம்). மனை, சுவர், கட்டில், அடுப்பு எல்லாம் இதற்குள். என் ஆளுக்கு அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை, நாளுக்கு 120 சிமோலியன். வாங்கிய பொருளை அன்றே திருப்பினால் முழு விலை கிடைக்கும், அடுத்த நாளிலிருந்து தேய்மானம். ஆமாம் மக்களே, நாம் இரண்டு பருவமாக மண்டையை உடைத்துக்கொண்ட அதே தேய்மானம்! சோபா ஒவ்வொரு நாளும் மதிப்பு குறைகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை தபால்காரர் பில் கொண்டுவருகிறார். கட்டாவிட்டால் ஜப்தி செய்ய ஆள் வருகிறான்.

ஆனால் இரண்டு நாளில் தெரிந்துவிடும், இங்கே உண்மையான தட்டுப்பாடு பணம் கிடையாது, நேரம். விளையாட்டில் ஒரு நிமிடம் நமக்கு ஒரு நொடி. ஆக ஒரு நாள் முழுக்க 24 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இல்லை, தினமும் வேலை. தொடர்ந்து இரண்டு நாள் போகாவிட்டால் வேலை போச்சு. பதவி உயர்வுக்கு நண்பர்கள் வேண்டும், பேசாமல் விட்டால் நட்பு தினமும் குறைகிறது. அதற்கும் தேய்மானம்தான்! தூக்கம், குளியல், சமையல் போக மீதி எவ்வளவு? வகுப்பில் வாய்ப்புச் செலவு என்றால் வெண்ணெயும் துப்பாக்கியும் வைத்துப் படம் வரைவார்கள். எனக்கு அது உறைத்தது, வேலைக்குக் கூட்டிப்போகும் கார் வெளியே ஹாரன் அடிக்க, என் ஆள் குளிக்கவா சாப்பிடவா என்று நடுக்கூடத்தில் நின்றபோதுதான்.

இங்கே பணத்தால் நேரத்தை வாங்கலாம். விலை கூடிய கட்டிலில் தூக்கம் சீக்கிரம் முடிகிறது. நல்ல அடுப்பில் சமைத்தால் அதே சாப்பாடு அதிகம் நிரப்புகிறது. ஆகவே சம்பாதி, வாங்கு, இன்னும் சம்பாதி என்று ஓடுகிறோம். 2000-ல் இதைப் பார்த்த சிலர், நுகர்வு வெறியைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் விளையாட்டு என்று திட்டினார்கள். பாதி தூரம் விளையாடிவிட்டுச் சொன்னது என்பேன். மீதியையும் விளையாடினால், பாத்திரம் கழுவும் இயந்திரம் ரிப்பேர், டிவி ரிப்பேர், குளியலறைத் தண்ணீர் தரையெல்லாம். நேரத்தை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி வந்த சாமான்கள் எல்லாம் கடைசியில் நேரத்தைத் தின்ன ஆரம்பிக்கின்றன. இதை வேண்டுமென்றேதான் வைத்தேன் என்ற பொருளில் வில் ரைட்டே பேசியிருக்கிறார். வீட்டோடு எல்லாம் எரிந்து, மறுபடி ஒவ்வொன்றாக வாங்கியவர் செய்த கணக்கு இது என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு வேறு மாதிரி தெரிகிறது.

பணம் தரும் ரகசிய வார்த்தை ஒன்றும் உண்டு. 'ரோஸ்பட்' என்று தட்டச்சு செய்தால் 1000 சிமோலியன். எத்தனை முறை வேண்டுமானாலும். 1941-ல் வந்த 'சிட்டிசன் கேன்' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மாளிகை கொள்ளாமல் சாமான் வாங்கிக் குவித்த ஒரு பணக்காரர் சாகும்போது சொல்லும் வார்த்தை அது. அவர் சின்ன வயதில் வைத்திருந்த பனிச்சறுக்கு வண்டியின் பெயர். படத்தின் முடிவில், தேவையில்லாத சாமான் என்று அதையும் அடுப்பில் போட்டு எரித்துவிடுவார்கள். நான் பத்து முறை தட்டிப் பார்த்தேன். பணம் வந்தது. பட்டைகள் எட்டும் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டுதான் இருந்தன.

வெளிவருவதற்கு முந்தைய வருடம், 1999-ல் அமெரிக்காவின் பெரிய விளையாட்டுக் கண்காட்சியில் ஒரு கல்யாணக் காட்சியை ஓட்டிக் காட்டினார்கள். விருந்தாளிகளில் இரண்டு பெண்கள், யாரும் சொல்லிவைக்காமலே, முத்தமிட்டுக்கொண்டார்கள். பேட்ரிக் பாரெட் என்ற நிரலாளர் எழுதிய விதிகளில் அதற்கு இடம் இருந்தது, சிம்கள் தாமாகச் செய்துவிட்டார்கள். கண்காட்சி முழுக்க இதே பேச்சு. யாரும் எதிர்பார்க்காத விளையாட்டு எல்லோரும் எதிர்பார்க்கும் விளையாட்டானது.

2002 மார்ச்சில் 63 லட்சம் பிரதிகளைத் தாண்டி, 1993-ல் வந்த 'மிஸ்ட்' வைத்திருந்த சாதனையை உடைத்தது. விளையாடியவர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். 'பொம்மை வீடு யார் விளையாடுவார்' என்ற கேள்விக்குப் பதில் அதுதான்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு நெருடல். 2000 முதல் 2003 வரை மட்டும் ஏழு கூடுதல் தொகுப்புகள்: புதுச் சாமான், புது உடை, செல்லப் பிராணிகள், சுற்றுலா, மந்திரம் என்று. 2004-ல் சிம்கள் மூப்படைந்து சாகும் இரண்டாம் பாகம், 2009-ல் மூன்றாம் பாகம் (அந்த வருடம்தான் வில் ரைட் நிறுவனத்தை விட்டு விலகினார்), 2014-ல் நான்காம் பாகம். நான்காவதை 2022 அக்டோபரிலிருந்து இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் அதற்கென்று விற்கும் தொகுப்புகள் அத்தனையும் வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும். பொருள் வாங்குவதைக் கேலி செய்ய வந்த விளையாட்டின் வாசலிலேயே ஒரு பர்னிச்சர் கடை. விற்பனைத் துறைக்கு முழு மதிப்பெண், வேறு என்ன சொல்ல.

நம்ம வகுப்பு மக்கள் யாராவது விளையாடுவதாக இருந்தால், இலவசம் என்று நான்காம் பாகத்துக்கு ஓடாமல் 2000-ல் வந்ததை ஆரம்பியுங்கள். படம் பழசாக இருக்கும், சிம்கள் பேசுவதும் ஒன்றும் புரியாது (அது எந்த மொழியும் இல்லை, இரண்டு நடிகர்கள் வாய்க்கு வந்தபடி உளறிப் பதிவு செய்த 'சிம்லிஷ்'). இன்னொன்று. சமையல் தெரியாத சிம் அடுப்பைத் தொட்டால் தீப்பிடிக்கும். வீட்டில் உள்ள எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து தீயைச் சுற்றி நின்று கத்துவார்கள், அணைக்க மாட்டார்கள். அதனால் 20,000-ல் சோபா பார்ப்பதற்கு முன்னால், சமையலறைச் சுவரில் புகை எச்சரிக்கைக் கருவி ஒன்றை மாட்டிவிடுங்கள். தீயணைப்பு வண்டி தானாக வந்துவிடும்.