முறிந்த தண்டுவடமும் பொதுப்பணமும்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டை ஒட்டிச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையை நீங்கள் அறிவீர்கள். அங்கு நேரும் ஒரு விபத்து, இளம் தொழிலாளி ஒருவரின் தண்டுவடத்தை நொடியில் சிதைத்துவிடக்கூடும். அறுந்த தண்டுவடத்தைப் பழையபடி இணைக்கும் மருந்து இன்றும் இல்லை. பின் அரசு எதற்காகப் பணம் செலவிட வேண்டும்? வரலாறு விடை கூறுகிறது.

முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். 1944-இல் பிரிட்டிஷ் அரசு ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தனிப் பிரிவு அமைத்து, டாக்டர் லுட்விக் குட்மனிடம் ஒப்படைத்தது. நோயாளிகளை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்தனர். பின்னர் தொழிலும் கற்பித்தனர். பலர் பிழைத்தனர், வேலைக்கும் சென்றனர்.

அதே நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வேலூர். 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், அங்கே சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் மறுவாழ்வு நிலையம் எழவும் அவரே காரணமானார்.

2021-இல் தமிழக அரசு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, ஒரு வரம்பு வரை, அரசே ஏற்கிறது. உயிர் காக்கும் நற்பணி இது! ஆனால் தண்டுவடக் காயமோ ஆயுள் முழுவதும் தொடர்வது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உண்டு. அத்தகைய நிலையம் ஒவ்வொரு தொழிற்பகுதிக்கும் வேண்டாமா? நீங்களே சிந்தியுங்கள்.